அரைக் கிலோவுக்கு நீளாத நினைவுக் கம்பி, இரண்டு கிலோவுக்குச் சுருங்காதது: எந்திரப்பிக் கணக்கு எங்கே உதைக்கிறது?

வாவிக்கரை ஆய்வுகூடம் (மட்டக்களப்பு):

உயர்தர வகுப்பில் வெப்பவியக்கவியலின் இரண்டாம் விதியைக் (மொத்த எந்திரப்பி, அதாவது என்ட்ரோபி, குறையாது) காட்டுவதற்கு நிக்கல்–தைத்தேனியம் நினைவுக் கம்பியில் (வளைத்தாலும் இழுத்தாலும் சூடாக்கினால் பழைய வடிவுக்குத் திரும்பும் கம்பி) ஓர் அமைப்பைச் செய்திருக்கிறோம். விவரம் இதுதான்.

கம்பியின் விட்டம் 0.5 மி.மீ., நீளம் 40 செ.மீ. நேரான வடிவம் நினைவேற்றப்பட்டது. நிமிர்ந்து நிற்கும் அகலமான கண்ணாடிக் குழாயின் அடித்தகட்டில் கீழ்நுனி திருகப்பட்டிருக்கிறது. மேல்நுனியில் சைக்கிள் பிரேக் வயர் பொருத்தி, அது கப்பியின் மேலால் போய்ப் படித்தட்டை (எடைப்படிகள் வைக்கும் தட்டு) தாங்குகிறது. குழாய்க்குள் கேத்தல் தண்ணீரை ஊற்றினால் கம்பி சுருங்கிப் படியைத் தூக்க வேண்டும். வெந்நீரை வடித்துவிட்டுத் தாங்கித் தண்ணீரை (கூரைமேல் தொட்டித் தண்ணீர்) விட்டால் நீள வேண்டும்.

கம்பியோடு வந்த தாளில், சுமையில்லாத நிலைக்கு: சுருங்கத் தொடங்குவது 50 பாகை, சுருங்கி முடிவது 60. குளிரும்போது தளரத் தொடங்குவது 35, தளர்ந்து முடிவது 24. எல்லாம் செல்சியசு.

சிக்கல் 1: அரைக் கிலோ போட்டால் வெந்நீரில் நன்றாகச் சுருங்குகிறது, ஆனால் தாங்கித் தண்ணீரில் (மத்தியானம் 34 பாகை) திரும்ப நீளவில்லை. இரண்டு கிலோ போட்டால் தாங்கித் தண்ணீரில் ஒழுங்காக நீளுகிறது, ஆனால் வெந்நீரில் பாதிதான் சுருங்குகிறது. குழாய்க்குள் வெப்பமானி 70 காட்டுகிறது. தாளின்படி 60 போதுமே?

சிக்கல் 2: தாறுமாறாக வளைத்த துண்டு வெந்நீரில் நேராகிவிடுகிறது. ‘ஒழுங்கு கூடினால் எந்திரப்பி குறைய வேண்டும்’ என்கிறார்கள் பிள்ளைகள். ‘சூழலின் எந்திரப்பி அதைவிடக் கூடும்’ என்ற வழமையான பதில் இங்கே சரிவரவில்லை. சூழல் என்பது வெந்நீர். அது வெப்பத்தை இழக்கிறது, அதன் எந்திரப்பியும் குறைகிறது. இரண்டும் குறைந்தால் விதி உடைந்துவிடுமே? வகுப்பில் இந்தக் கேள்விக்குப் பிடிகொடுக்காமல் போக முடியாது.

சிக்கல் 3: யூடியூபில் இந்தக் கம்பியால் சுற்றும் சில்லைக் காட்டி ‘எரிபொருள் இல்லாத எஞ்சின்’ என்கிறார்கள். இலக்கத்தோடு மறுக்க ஒரு கணக்கு வேண்டும்.

கல்முனை_கம்பியன்:

சிக்கல் 2 லேசு. இது றப்பர் மாதிரித்தான். றப்பரை இழுத்தா அதின்ட சங்கிலிகள் ஒழுங்காகும், எந்திரப்பி குறையும், சூடாக்கினா சுருங்கும். கம்பிக்கும் அதே விளக்கம் போதும்.

பாடுமீன்_பௌதிகம்:

கம்பியன், முடிவு ஒன்றுபோல் தெரிந்தாலும் உள்ளே நடப்பது வேறு. றப்பரை இழுக்கும்போது அகச்சக்தி அநேகமாக மாறுவதில்லை. சங்கிலிகள் மடங்கிக் கிடக்கக்கூடிய விதங்களின் எண்ணிக்கைதான் குறைகிறது. நினைவுக் கம்பியில் சங்கிலியும் இல்லை, மடிப்பும் இல்லை. திண்மத்துக்குள்ளேயே ஓர் அவத்தை மாற்றம் (ஒரு பளிங்கமைப்பு இன்னொன்றாவது) நடக்கிறது. பனிக்கட்டி உருகுவதுபோல் அதற்கு மறை வெப்பம் உண்டு. இந்தக் கலப்புலோகத்தில் கிராமுக்கு ஏறத்தாழ 20 யூல். றப்பர் விளக்கத்தை இங்கே கொண்டுவந்தால் அந்த 20 யூலுக்கு இடமே இருக்காது.

இனி வாவிக்கரையின் சிக்கல் 2. கேள்வி மிகச் சரியானது. விடை அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. வெந்நீர் எந்திரப்பியை இழக்கிறது என்றால், கம்பியின் எந்திரப்பி கூடியே ஆக வேண்டும். உண்மையில் கூடுகிறது. தவறு ‘நேரானது ஒழுங்கு, வளைந்தது ஒழுங்கின்மை’ என்ற கண்பார்வைக் கணக்கில்தான்.

குளிர்ந்த நிலையில் உள்ள அவத்தை மாட்டென்சைற். சரிந்த பளிங்கமைப்பு, சமச்சீர் குறைவு. சூடான நிலையில் இருப்பது ஒஸ்டெனைற், கனசதுர அமைப்பு. படத்தில் ஒஸ்டெனைற்தான் அழகாக, ஒழுங்காகத் தெரியும். ஆனால் அதற்குள் அணுக்கள் தளர்வாக, கூடிய வீச்சத்தோடு அதிர்கின்றன. அந்த அதிர்வுகளுக்குக் கிடைக்கும் நிலைகளின் எண்ணிக்கை அதிகம். ஆகவே படத்துக்கு ஒழுங்கான அவத்தைக்குத்தான் எந்திரப்பி கூட. எந்த அவத்தை நிலைக்கும் என்று தீர்மானிக்கும் கிப்ஸ் சக்திச் சமன்பாட்டில் வெப்பநிலை ஏற ஏற எந்திரப்பி உறுப்பு பலக்கும். அதனால்தான் சூட்டில் ஒஸ்டெனைற் வெல்கிறது.

வளைவு? மாட்டென்சைற்றில் ஒரே பளிங்கு 12 திசைகளில் சரியலாம். கம்பியை வளைக்கும்போது இந்தச் சரிவுகள் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் திரும்புகின்றன. அணுப்பிணைப்பு உடைவதில்லை, அவத்தை மாறுவதில்லை. ஒவ்வொரு சரிவுப் பட்டையிலும் எண்ணற்ற அணுக்கள் கூட்டமாகவே திரும்புவதால், வளைந்த மாட்டென்சைற்றுக்கும் நேரான மாட்டென்சைற்றுக்கும் எந்திரப்பி வித்தியாசம் புறக்கணிக்கத்தக்கது. மேசையில் புத்தகங்களை நேராக அடுக்கினாலும் கலைத்துப் போட்டாலும் தாளின் வெப்பவியக்கவியல் எந்திரப்பி மாறாது, அதே கதைதான். வகுப்பில் ‘எந்திரப்பி என்றால் ஒழுங்கின்மை’ என்று ஒற்றை வரியில் எழுதிப் போடுவதன் விளைவு இது.

சிக்கல் 1-க்கும் இதே எந்திரப்பிதான் விடை. சமநிலை வெப்பநிலையை 60-க்கும் 35-க்கும் நடுவே, சுமார் 320 கெல்வின் என்று எடுங்கள். 20-ஐ 320-ஆல் வகுத்தால் கிராமுக்கு 0.0625 யூல்/கெல்வின், அதாவது கிலோவுக்கு 62.5. இதுதான் இரு அவத்தைகளுக்கும் இடையிலான எந்திரப்பி வித்தியாசம்.

ஆவியமுக்கத்துக்கும் கொதிநிலைக்கும் கிளாபிரோன்–கிளோசியசு தொடர்பு உண்டல்லவா? கம்பிக்கும் அது பொருந்தும். அமுக்கத்தின் இடத்தில் தகைப்பு (குறுக்குவெட்டுப் பரப்பலகுக்கான விசை), கனவளவு மாற்றத்தின் இடத்தில் விகாரம் (நீள மாற்றத்துக்கும் நீளத்துக்கும் உள்ள விகிதம்). ஒரு பாகைக்குத் தேவையான தகைப்பு = அடர்த்தி × எந்திரப்பி வித்தியாசம் ÷ உருமாற்ற விகாரம். அடர்த்தி 6450 கி.கி./கன மீற்றர், விகாரம் முழு அளவில் ஏறத்தாழ 6%. 6450 × 62.5 ÷ 0.06 = பாகைக்கு 6.7 மெகாபாஸ்கல்.

உங்கள் கம்பியின் குறுக்குவெட்டு 0.196 சதுர மி.மீ. ஆகவே 1 கிலோ தொங்கினால் 50 மெகாபாஸ்கல். நான்கு வெப்பநிலைகளும் 7.5 பாகை மேலே ஏறும். 2 கிலோவுக்கு 15 பாகை. சுருங்கத் தொடங்குவது 65, முடிவது 75. உங்கள் தண்ணீர் 70. பாதிதான் சுருங்கும், அதுதான் நடந்திருக்கிறது. அரைக் கிலோவுக்கு ஏற்றம் 4 பாகை கூட இல்லை. தளர்ந்து முடிவது 28 அளவில். மத்தியானத் தாங்கித் தண்ணீர் 34. எப்படி முழுதாக நீளும்? 2 கிலோவில் அதே எல்லை 39-க்கு ஏறிவிடுவதால் 34 தாராளமாகப் போதும்.

விற்பவர் தாளில் உள்ள வெப்பநிலைகள் சுமையில்லாதவையா, சுமையோடு அளந்தவையா என்று பார்க்காமல் கம்பி எடுப்பவர்கள் எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது.

அக்கரைப்பற்று பட்டறை:

பாடுமீன் சேர் சொன்ன கணக்கு சரி. அரைக் கிலோவில இன்னொரு காரணமும் இருக்கு: 25 மெகாபாஸ்கல் அந்தச் சரிவுகளை ஒரே பக்கம் திருப்பக் காணாது. ஐஸ் தண்ணி விட்டாலும் முழு நீட்சி வராது. இந்தக் கம்பிக்கு 1 கிலோவில தொடங்குங்க, 3 கிலோவுக்கு மேல போகாதீங்க.

கையால செய்ய வேண்டியது:

தண்ணிய 70-ல ஊத்தாதீங்க. குளிர்ந்த கண்ணாடியே பத்துப் பாகையைக் குடிச்சிரும். முதல்ல ஒரு தரம் வெந்நீர் ஊத்திக் குழாயைச் சூடாக்கி வடிச்சுட்டு, ரெண்டாந்தரம் கொதிச்ச கையோட ஊத்துங்க. குழாய்க்குள்ள 85 நிக்கும். சாதாரண கண்ணாடி வெடிக்கும், பொரோசிலிக்கேற்றுக் குழாய் எடுங்க.

குளிர்ப் பக்கத்துக்குத் தாங்கித் தண்ணி வேண்டாம். தகரக் கூரைக்கு மேல நிக்கிற கறுப்புத் தாங்கி சித்திரை வெயிலில என்ன சூடு ஏறும் எண்டு நமக்குத் தெரியும். மண்பானைத் தண்ணி தாங்கியை விட பல பாகை குறைவா இருக்கும், அது போதும். ஆனா வாடைக்காத்து மழை நாளில காத்தில ஈரப்பதன் கூட, பானை அவ்வளவா குளிராது. அந்த நாளில ரெண்டு ஐஸ் கட்டி போடுங்க.

பூட்டுறது: ஈயப்பற்று இதில ஒட்டாது, மேல இருக்கிற தைத்தேனியம் ஒட்சைட்டுப் படை விடாது. முடிச்சும் போடாதீங்க. பித்தளைத் திருகுக் கனெக்டர் ரெண்டை அடுத்தடுத்துப் போட்டு, திருகு நேரா கம்பியைக் கடிக்காம நடுவில சின்னச் செப்புத் தகடு வைங்க. திருகு கடிச்ச இடத்திலதான் முதல்ல முறியும்.

வளைச்சுக் காட்டுற துண்டு: வெளிப்பக்க விகாரம் எண்டுறது கம்பி விட்டத்தை வளைவு விட்டத்தால வகுத்தது. பென்சிலில (7 மி.மீ.) சுத்தினா 0.5 ÷ 7, ஏழு சதவீதம். சில தரம் திரும்பி வரும், பிறகு கொஞ்சங் கொஞ்சமா வளைவு மிஞ்சும். அரை அங்குல பி.வி.சி. குழாயில சுத்தினா 2.5% அளவுதான். பிள்ளைகள் கையில குடுக்கிறதுக்கு அதுதான் நல்லம். எக்காரணம் கொண்டும் மெழுகுதிரிச் சுவாலையில காட்ட விடாதீங்க. 500 பாகை அளவுதான் நினைவேற்றுற சூடு; சுவாலையில வளைச்சபடி பிடிச்சா அந்த வளைவே புது நினைவாகிடும்.

தண்ணி இல்லாம மின்னால சூடாக்கவும் ஏலும். 40 செ.மீ. கம்பிக்குத் தடை 1.7 ஓம் அளவு. பழைய கணினிப் பவர் சப்ளையின்ட 5 வோல்ற் சிவப்பு வயரில போட்டா 2.9 அம்பியர், 14–15 உவாற்று. (பச்சை வயரையும் கறுப்பையும் சேர்த்தாத்தான் சப்ளை தொடங்கும்.) ரெண்டு மூண்டு விநாடியில சுருங்கி முடியும். முடிஞ்ச உடனே அழுத்தியை விடணும், அதனால ஓன்–ஓஃப் சுவிச் வேண்டாம், அழைப்புமணிச் சுவிச் மாதிரி அழுத்தி விடுறது போடுங்க. தொடர்ந்து விட்டா காத்தில கம்பி சில நூறு பாகைக்கு ஏறி, நினைவு அழிஞ்சு வெறும் கம்பியாகும். 12 வோல்ற் பைக் பற்றரியில நேரா மாட்டுறது கம்பிக்கு மரண தண்டனை: 7 அம்பியர் போகும்.

வாவிக்கரை ஆய்வுகூடம்:

பாடுமீன் சேர், பட்டறை நானா, இருவருக்கும் நன்றி. இரண்டு கேள்வி மிச்சம். 70 பாகைக் கம்பிக்கு (சுமையில்லாமல் 70-இல் சுருங்கி முடிவது) மாறினால் தாங்கித் தண்ணீரே போதுமா? சிக்கல் 3-க்குக் கரும்பலகையில் எழுதக்கூடிய கணக்கு யாராவது தருவீர்களா?

அக்கரைப்பற்று பட்டறை:

குளிர்ப் பக்கம் லேசாகும், சூட்டுப் பக்கம் இறுகும். 2 கிலோவில 85 தேவைப்படும், 3 கிலோவில 92 அளவு. கேத்தல் தண்ணியால கஷ்டம். மின்னால சூடாக்கிறதா இருந்தா 70 அல்லது 90 பாகைக் கம்பி, தண்ணி எண்டா இப்ப இருக்கிற 60-ஏ சரி.

வந்தாறுமூலை_வெப்பம்:

கரும்பலகைக் கணக்கு. உங்கள் கம்பியின் கனவளவு 0.0785 கன செ.மீ., திணிவு அரைக் கிராம். சூட்டுப் பக்கம் 80 பாகை (353 கெல்வின்), குளிர்ப் பக்கம் 30 பாகை (303 கெல்வின்) என்று வைப்போம். இரு பக்கமும் தண்ணீர் தாராளம், வெப்பநிலை மாறாது என்று கொள்ளுங்கள்.

முதலில் ஒரு சறுக்குமிடம்: ஒரே 2 கிலோவை ஏற்றி அதே 2 கிலோவோடு இறங்கினால் ஒரு சுற்றில் தேறிய வேலை பூச்சியம். பிள்ளைகள் இதைத் தவற விடுவார்கள். ஆகவே 2 கிலோவை ஏற்றியதும் 1 கிலோவை மேலே தட்டிலிருந்து எடுத்து வையுங்கள். மிச்ச 1 கிலோ கம்பியை நீட்டித் திரும்பக் கொண்டுவரட்டும். சுருக்கம் 3% என்றால் 1.2 செ.மீ. தேறிய வேலை = 9.8 நியூற்றன் × 0.012 மீற்றர் = 0.12 யூல்.

சூடான நீரிலிருந்து கம்பி எடுப்பது: மறை வெப்பம் 10 யூல், 50 பாகை சூடேறுவதற்கு, தன்வெப்பம் கிராமுக்கு 0.45 என்று கொண்டு, 11.3 யூல், தூக்கும் வேலையையும் சேர்த்துச் சுமார் 21.5 யூல்.

வினைத்திறன் 0.12 ÷ 21.5. அரைச் சதவீதம் கொஞ்சம் மேலே. கார்னோ எல்லை (இந்த இரு வெப்பநிலைகளுக்கிடையே எந்த எஞ்சினும் தாண்ட முடியாத வினைத்திறன்) 50 ÷ 353, அதாவது 14.2%, 21.5 யூலில் உச்சமாக 3.04 யூல் வேலை எடுத்திருக்கலாம்.

எந்திரப்பி: சூடான நீர் இழந்தது 21.5 ÷ 353 = 0.0609. குளிர்ந்த நீர் பெற்றது 21.38 ÷ 303 = 0.0706. கம்பி சுற்று முடிந்து பழைய நிலைக்கு வந்துவிட்டதால் அதற்கு மாற்றம் இல்லை. மொத்தம் +0.0097 யூல்/கெல்வின். இதை 303-ஆல் பெருக்கினால் 2.9 யூல். 3.04-இலிருந்து 0.12-ஐக் கழித்தாலும் 2.9 யூல்தான். உருவாகிய எந்திரப்பி, தவறிப்போன வேலை என்று இரண்டு வழியில் போய் ஒரே இலக்கத்துக்கு வருவதைப் பலகையில் பார்த்தால், ‘எரிபொருள் இல்லாத எஞ்சின்’ என்ற பேச்சு தானாக அடங்கும். எரிபொருள் கேத்தலுக்குக் கீழே எரிகிறது. காணொளிக்காரர் கமராவை அங்கே திருப்புவதில்லை. சில்லும் கம்பியும் புதிதுமில்லை: றிட்ஜ்வே பாங்க்ஸ் 1973-இல் கலிபோர்னியாவின் லோரன்ஸ் பேர்க்லி ஆய்வகத்தில் வெந்நீரிலும் குளிர்ந்த நீரிலும் ஓடும் நிற்றினோல் (நிக்கல்–தைத்தேனிய நினைவுக் கலப்புலோகம்) எஞ்சினைச் செய்து ஓட்டிக் காட்டினார்.

வழக்கமாக எல்லோரும் கம்பியின் பின்னிடைவுக் கண்ணியைத்தான் (சுருங்கும் வெப்பநிலைக்கும் தளரும் வெப்பநிலைக்கும் உள்ள இடைவெளி) குற்றம் சொல்வார்கள். இலக்கம் அப்படிச் சொல்லவில்லை. சுமையில்லாமல் பார்த்தால் 10 யூலைக் கம்பி சராசரியாக 55 பாகையில் (328 கெல்வின்) வாங்கி 29.5 பாகையில் (302.5 கெல்வின்) கொடுக்கிறது. 10 ÷ 302.5 கழித்தல் 10 ÷ 328 = 0.0026. மொத்தம் 0.0097-இல் இது கால் பங்கு. மிச்ச முக்கால் பங்கு, 80 பாகை நீர் குளிர்ந்த கம்பியைத் தொடும் அந்தத் தருணத்திலும், சூடான கம்பி பானைத் தண்ணீருக்குள் விழும் தருணத்திலும் பிறக்கிறது. அவத்தை எல்லை நகரும்போது உராய்வே இல்லாத கம்பி கிடைத்தாலும் இந்த எஞ்சின் தேறாது; குளிரும் கம்பியின் வெப்பத்தைச் சூடேறும் கம்பிக்குக் கடத்த வழி வேண்டும்.

கல்முனை_கம்பியன்:

சரி, றப்பர் விளக்கத்தை வாபஸ் வாங்கிட்டன். ஆனா றப்பரை வேகமா இழுத்து உதட்டில வைச்சாச் சுடும். இந்தக் கம்பிக்கும் அப்படி வருமா?

பாடுமீன்_பௌதிகம்:

வரும், ஆனால் வாவிக்கரையிடம் உள்ள கம்பியில் வராது. அது நம் அறை வெப்பநிலையில் ஏற்கெனவே மாட்டென்சைற் பக்கம் இருக்கிறது. அறை வெப்பநிலைக்குக் கீழேயே சுருங்கி முடியும் மீநெகிழ் வகை வேண்டும். பல் நிரைப்படுத்தப் பயன்படும் கம்பி அந்த இனம். அதை 5–6% வேகமாக இழுத்தால் தகைப்பே மாட்டென்சைற்றை உண்டாக்கும், மறை வெப்பம் வெளிவரும், கம்பி சூடாகும். பிடித்துவைத்து ஆறவிட்டுச் சட்டென்று விட்டால் அறையைவிடப் பத்துப் பாகைக்கு மேல் குளிரும். 20 யூலைத் தன்வெப்பத்தால் வகுத்தால் 40 பாகைக்கு மேல் வரவேண்டும் என்று தோன்றும். கம்பி முழுதாக உருமாறாததாலும், கைக்கும் காற்றுக்கும் வெப்பம் கசிவதாலும் அவ்வளவு கிடைக்காது. வாயு இல்லாத குளிரூட்டிக்கு இப்போது ஆராயப்படுவது இந்த விளைவுதான். இழுக்கும்போது கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். முறிந்தால் நுனி சவுக்குபோல வரும்.

வாவிக்கரை, அமைப்பு சரியானபின் இன்னொன்று செய்யலாம். 1, 1.5, 2, 2.5 கிலோ என்று மாற்றி, ஒவ்வொன்றிலும் நீரை மெதுவாகச் சூடேற்றி, பாதிச் சுருக்கம் வரும் வெப்பநிலையைக் குறியுங்கள். தகைப்புக்கு எதிரே வரைந்தால் நேர்கோடு வரும். சாய்விலிருந்து எந்திரப்பி வித்தியாசத்தைப் பிள்ளைகளே கணிக்கலாம், கலோரிமானி தேவையில்லை. கூட்டும் ஒவ்வொரு அரைக் கிலோவுக்கும் 4 பாகை அளவு ஏற வேண்டும்.

ஒரு கவனம். சூத்திரத்தில் நீங்கள் அளந்த 3% அல்லது 4% விகாரத்தைப் போட்டால் விடை 62.5 வராது, 4%-க்கு 40-ஐச் சுற்றித்தான் வரும். பிழை கையில் இல்லை. இந்தச் சுமைகளில் மாட்டென்சைற்றின் ஒரு பகுதி, சரிவுகள் ஒரே பக்கம் திரும்பாமல், நெறிப்படாமல் நிற்கிறது. அது மறை வெப்பத்தில் பங்கெடுக்கிறது, நீட்சியில் பங்கெடுக்கவில்லை. புதுக் கம்பி என்றால் முதல் இருபது முப்பது சுற்றுகளை 2.5 கிலோவில் ஓட்டிப் பழக்கிவிட்டு அளவெடுங்கள். அதற்கு முன் எடுத்தால் ஒவ்வொரு சுற்றிலும் பூச்சியம் நகரும், கோடு கோடாகவே வராது.

வாவிக்கரை ஆய்வுகூடம்:

பழக்கும் சுற்றுகளுக்கு மின்சாரம், அளவுக்குத் தண்ணீர் என்று பிரித்துக்கொண்டால் நேரம் மிச்சமாகும் போலிருக்கிறது. சரிதானே?

அக்கரைப்பற்று பட்டறை:

சரி. சுற்றுக்குச் சுற்று அரை நிமிசம் ஆறவிடுங்க. ஒவ்வொரு பத்துக்கும் ஒருக்காக் கனெக்டர் திருகை இறுக்கிப் பாருங்க; கம்பி நழுவினதையும் விகாரம் எண்டு எழுதிப் போடுவீங்க.